மாமாவின் பால் கணக்கு நோட்டு: வறுமை எப்படி நோயாகிறது?

மாமா பால் கணக்கு எழுதும் நோட்டு அது. நாற்பது பக்க நோட்டு. அட்டை பாதி கிழிந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தையைத் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தபோது, அந்த நோட்டையும் ஒயர் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பால் கணக்கு முடிந்த பக்கத்தைத் திருப்பி, "ஆஸ்பத்திரி செலவு" என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு இழுத்து எழுதத் தொடங்கியிருந்தார். பஸ் எவ்வளவு, டீ எவ்வளவு, பிளாஸ்டிக் வாளி எவ்வளவு, எல்லாம் ஒன்று விடாமல்.

அத்தைக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அரசு மருத்துவமனையில்தான் சேர்த்திருந்தோம். பத்தொன்பது நாள் படுக்கை, அறுவை சிகிச்சை, ஊசி, மருந்து, தினமும் கட்டு மாற்றுவது, எதற்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று ராத்திரி பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மாமா கணக்கைக் கூட்டினார். 9,300 ரூபாய் வந்தது. "ஃப்ரீ ஆஸ்பத்திரிக்கே இவ்ளோ ஆயிடுச்சேப்பா" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

எனக்கும் அன்று புரியவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். வறுமைக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.

இலவச சிகிச்சைக்கு ஆன செலவு

நோட்டில் இருந்தது இதுதான். ஊரில் தனியார் கிளினிக்குக்கு நாலு தடவை போனது, தடவைக்கு 300 வீதம் 1,200. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை 850. ராத்திரியில் காய்ச்சல் ஏறியபோது டவுனுக்கு ஆட்டோ 600. சென்னைக்கு வந்து போன பஸ் செலவு, பிறகு கட்டு பிரிக்க வர எடுத்து வைத்ததையும் சேர்த்து 2,400. மாமாவுக்கும் துணைக்கு வந்தவருக்கும் சாப்பாடு, டீ 2,850. வாளி, ஃபிளாஸ்க், போர்வை, பெரியவர்களுக்கான டயப்பர் 1,100. ஃபோன் ரீசார்ஜ் 300. மருத்துவமனை வளாகத்தில் இருந்த அம்மா உணவகம்தான் சாப்பாட்டுச் செலவை இந்த அளவில் பிடித்து வைத்தது. ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் இல்லையென்றால் இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

இந்த மாதிரி நோயாளியின் வீடு தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதைக் கைக்காசுச் செலவு என்று வைத்துக்கொள்வோம். இந்தியா முழுவதும் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்களின் கைக்காசு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்கிறது மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு. குறைந்தது நல்ல செய்திதான். ஆனாலும் நூறு ரூபாயில் கிட்டத்தட்ட நாற்பது ரூபாயை இன்னும் வீடுகள்தான் கொடுக்கின்றன.

இந்தச் செலவு எப்போது ஒரு குடும்பத்தைச் சாய்க்கும்? உலக அளவில் இதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் பத்து சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அது பேரிடர்ச் செலவு. இருபத்தைந்தைத் தாண்டினால் கடும் பேரிடர். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளை அளக்கப் பல ஆண்டுகள் இந்த இரண்டு கோடுகளைத்தான் வைத்திருந்தார்கள். அத்தை வீட்டில் வருஷச் செலவு சுமார் 1,10,000 ரூபாய். பத்து சதவீதம் என்றால் 11,000. பஸ்ஸையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கூட்டிய 9,300 கூட அந்தக் கோட்டைத் தொடவில்லை. கணக்கெடுப்பில் அத்தை குடும்பம் பாதிக்கப்படாத குடும்பம் என்றுதான் பதிவாகும்.

ஆனால் மாமா நோட்டில் எழுதாத ஒன்று இருக்கிறது. அவர் 26 நாள் வேலைக்குப் போகவில்லை. அவர் கூலி 500. அத்தை நடந்து வேலைக்குப் போகும் நிலைக்கு வருவதற்குள் அவருக்கு 60 நாள் வேலை போயிற்று. அவர் கூலி 300. இரண்டையும் கூட்டினால் 31,000. கையைவிட்டுப் போன காசு 9,300. கைக்கு வராமலே போன காசு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். மாதச் சம்பளக்காரருக்கு மெடிக்கல் லீவ் உண்டு. கூலிக்காரருக்குப் படுத்த நாள் எல்லாம் பட்டினி நாள். உடம்பு வீட்டுக்குச் சோறு போடும் கருவியாக இருக்கும் இடத்தில், நோய் வந்தால் வருமானமும் செலவும் ஒரே நாளில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. வறுமையையும் நோயையும் புரிந்துகொள்ள முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இது.

"இன்னும் நாலு நாள் களை இருக்கு"

சரி, விரல் எடுக்கும் அளவுக்கு எப்படிப் போனது?

ஆவணியில் வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போனபோது அத்தைக்கு வேலிக்காத்தான் முள் குத்தியிருக்கிறது. ஈர மண்ணில் செருப்புப் போட்டுக்கொண்டு களை எடுக்க முடியாது, எல்லோரையும் போல வெறுங்கால்தான். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் கால் வீங்கியபோது மாமா கூப்பிட்டார். "இன்னும் நாலு நாள் களை இருக்கு, முடிச்சிட்டுப் போயிடலாம்" என்றார் அத்தை. மஞ்சளை அரைத்துப் போட்டார். நாலு நாள் பத்து நாளானது. பிறகு கிளினிக், ஊசி, கொஞ்சம் பரவாயில்லை, மறுபடியும் வேலை, மறுபடியும் ஊசி. முள் குத்தி இருபத்திரண்டாம் நாள் விரல் கறுத்த பிறகுதான் சென்னைக்கு பஸ் ஏறினார்கள்.

இதைக் கேட்டவுடன், "கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லத் தோன்றும். நானும் அத்தையிடம் அப்படித்தான் கோபப்பட்டேன். அந்தக் கோபத்துக்காக இன்று வருந்துகிறேன். மானாவாரிக் காட்டில் களை வேலை கிடைப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். அதை விட்டால் அறுவடை வரைக்கும் கையில் கூலி கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு, சோதனை, மருந்து எல்லாம் இலவசம். ஆனால் காலையில் போய் மதியம் திரும்பினால் அன்றைய 300 ரூபாய் போய்விடும். வலி பொறுக்கும்படியாக இருக்கும்வரை, போகாமல் இருப்பதுதான் அவர் கையில் இருந்த கணக்குக்குச் சரியாக வந்த விடை. அத்தை கணக்கில் தப்புப் பண்ணவில்லை. அந்தக் கணக்கில் அவருக்குத் தெரியாத ஓர் எண் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த எண் அவர் ரத்தத்தில் இருந்த சர்க்கரை. பல வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். சர்க்கரை நோய் ஆரம்பத்தில் வலிக்காது. ரத்தத்தில் சர்க்கரை கூடியபடியே இருந்தால் பாதத்துக்குப் போகும் நுண்ணிய நரம்புகள் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும், பாதம் மரத்துவிடும். ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் புண்ணுக்குப் போதிய ரத்தம் போகாது, புண் ஆறாது. கிருமியை எதிர்க்கும் பலமும் குறைந்துவிடும். ஆக, முள் குத்தினாலும் வலி தெரியாது. வலி தெரியாததால் வேலை நிற்காது. வேலை நிற்காததால் புண் ஆழமாகும். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு நிமிஷத்தில் பார்க்கக்கூடிய சோதனை இது. நாலு தடவை ஊசி போட்ட கிளினிக்கில் அதைச் செய்யவில்லை.

சர்க்கரையைப் பணக்கார வியாதி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். கிராமங்களில் விகிதம் நகரங்களைவிடக் குறைவுதான். ஆனால் நகரத்தில் மாஸ்டர் செக்கப்பில் தெரியவருவது, கிராமத்தில் ஆறாத புண்ணில்தான் தெரியவருகிறது.

வறுமை உடம்புக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று கேட்டால், தள்ளிப்போடுவது வழியாக என்றுதான் சொல்வேன். பணம் இருப்பவருக்கும் நோய் வரும். முதல் வாரத்திலேயே வைத்தியம் நடந்துவிடும். பணம் இல்லாதவர் காலத்தைக் கடனாக வாங்குகிறார். பல்வலி அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கிறது. மார்பில் தட்டுப்படும் கட்டி பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கிறது. கண்புரை பேரன் பள்ளிக்கூடம் சேரட்டும் என்று காத்திருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனில் விடிகாலையில் இறங்கி, எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்குச் சாலையைக் கடக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பை, சுருட்டிய பாய், எக்ஸ்ரே உறை. அவர்களில் பலர் இங்கே வந்து சேர்வதற்கு முன்னால் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள்.

குழம்பில் என்ன இருக்கிறது

தள்ளிப்போடுவது மருத்துவரிடம் போவதில் மட்டும் நடப்பதில்லை. சாப்பாட்டிலும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் பட்டினிச் சாவைத் தடுத்ததில் ரேஷன் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. வயிறு நிறைகிறது. ஆனால் வயிறு நிறைவதும் உடம்புக்கு வேண்டியது கிடைப்பதும் ஒன்றில்லை. அத்தை வீட்டில் காலையில் பழைய சோறு, மதியம் சோறும் குழம்பும், ராத்திரி மதியத்து மிச்சம். ரேஷனில் போடும் பருப்பு மாதத்தின் முதல் பாதிக்கு வரும். இரண்டாம் பாதியில் புளிக்குழம்பு. முட்டை வாங்கினால் பிள்ளைகளுக்கு. மீன் என்றால் கருவாடு. வீட்டில் மாடு இருக்கிறது, பால் சொசைட்டிக்குப் போகிறது. பாலை விற்றுத்தான் பருப்பு வாங்க வேண்டும் என்பதால், கறக்கிற வீட்டில் குடிக்கிற ஆள் இல்லை.

அப்புறம் பந்தி வரிசை. ஆண்கள், பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுப் பெண் உட்காருவார். அதற்குள் குழம்பில் காய் தீர்ந்திருக்கும், ரசம் மிஞ்சியிருக்கும். இது பல தலைமுறைப் பழக்கம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம். நாட்டிலேயே நல்ல சுகாதார அமைப்புள்ள மாநிலங்களில் ஒன்றின் நிலை இது.

ரத்தசோகை என்பது என்ன? ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் குறைந்துபோவது. அதற்கு முக்கியக் காரணம் இரும்புச்சத்து போதாமை. மாதவிடாயில் போவது, அடுத்தடுத்த பிரசவத்தில் போவது, குடலில் கொக்கிப் புழு உறிஞ்சுவது, இவற்றை ஈடுகட்டும் அளவுக்குச் சோறும் புளிக்குழம்பும் இரும்பைத் தருவதில்லை. சாப்பிட்டதும் குடிக்கும் டீ, இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. (இதை மட்டும் இன்றே மாற்றிக்கொள்ளலாம்: சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.) ரத்தசோகை உள்ளவருக்கு ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கும், உச்சி வெயிலில் கண்ணைக் கட்டும். வேலை மந்தமானால் மேஸ்திரி அடுத்த நாள் கூப்பிடமாட்டார். உடம்பில் குறைந்த இரும்பு கூலியில் குறைந்த ரூபாயாக வெளியே வருகிறது.

ரத்தசோகை உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம். புனே அருகே ஆறு கிராமங்களில் 1993-ல் தொடங்கி மருத்துவர் யாக்னிக்கின் குழு கர்ப்பிணிகளையும் அவர்கள் குழந்தைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அந்தக் குழந்தைகள் பார்க்க ஒல்லி. ஆனால் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டில் அதிகமாகவும் இருந்தன. கருவிலேயே பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பு, பின்னால் சர்க்கரை நோய்க்கு எளிதில் ஆட்படும் என்று இந்த வகை ஆய்வுகள் காட்டுகின்றன. அத்தையை நினைத்துப் பார்க்கிறேன். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாக, மழை பொய்த்த ஒரு வருஷத்தில் பிறந்தவர் என்று பாட்டி சொல்வார். வாழ்நாள் முழுக்க ஒல்லியாகவே இருந்தவருக்கு எப்படிச் சர்க்கரை வந்தது என்று ஊரே கேட்டது.

சேத்துப்பட்டிலிருந்து ஒரு விடை

வறுமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன இடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. சேத்துப்பட்டில், மேயர் சத்தியமூர்த்தி சாலையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-ல் தொடங்கியபோது அதற்குக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்று பெயர்.

அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. தாம்பரம் சானடோரியம் என்று மின்சார ரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் ஏழைக்கு அத்தனை மாதம் யார் சோறு போடுவார்கள்? படுக்கையும் போதாது. மருந்து வந்துவிட்ட பிறகும் சானடோரியம் தேவைதானா என்ற கேள்வி எழுந்தது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. மறு பிரிவு ஒற்றை அறை வீட்டில், இருக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு அதே மருந்துகளை எடுத்துக்கொண்டது. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட வாழ்ந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழக்கம் பரவியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். கூலிக்குப் போகும் லட்சக்கணக்கானவர்கள் குடும்பத்தைப் பிரியாமல் குணமாக முடிந்தது.

இதை வைத்து, "பார்த்தீர்களா, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை" என்று முடிவு கட்டினால் பாதி உண்மையோடு நின்றுவிடுவோம். மறு பாதி அறுபது வருஷம் கழித்து வந்தது. ஜார்க்கண்டில், சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கெடுத்த ஓர் ஆய்வு நடந்தது. காசநோய் வந்தவர் வீட்டில் உடன் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவு வீடுகளில் நோயாளிக்கு மட்டும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். மறு பிரிவில் நோயாளியோடு, வீட்டில் இருந்த மற்ற எல்லோருக்கும் அரிசி, பருப்பு என்று கொடுத்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, எல்லோருக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்தது.

காசநோய்க் கிருமி நம்மில் ஏராளமானோர் உடம்புக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பு தெம்பாக இருக்கும்வரை அது எழாது. சாப்பாடு குறைந்து எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொள்ளும். வந்த நோயைத் தீர்ப்பது மருந்து. வராமல் காப்பதில் பெரிய பங்கு அரிசிக்கும் பருப்புக்கும். காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் கொடுக்கிறது. அது நோயாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளையின் தட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதுதான் ஜார்க்கண்ட் ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

புகையும் தண்ணீரும்

வீடும் உடம்பைப் பாதிக்கிறது. விறகு அடுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கிறது, கர்ப்பிணி மூச்சில் இழுக்கும் நுண்தூசி குழந்தையின் எடையைத் தொடுகிறது என்று போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுத் தாய்மார்களிடம் பார்த்திருக்கிறார்கள். அதே குழு பங்கெடுத்த, நாலு நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையில், தமிழ்நாட்டுக் கிராமங்கள் உட்பட கர்ப்பிணிகளுக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் சராசரி எடையில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கேஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பத்து பக்கம் ஓட்டை உள்ள குடத்தில் ஒரு ஓட்டையை அடைத்தால் தண்ணீர் மட்டம் உடனே ஏறாது.

தண்ணீர் பற்றி ஒன்று மட்டும். வயல் வேலையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஒதுங்க இடம் கிடையாது, அதனால். காலையில் ஒரு சொம்பு, பிறகு சாயங்காலம்தான். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது, கூச்சத்தில் வெளியே சொல்வதும் இல்லை. கொளுத்தும் வெயிலில் நீர் வற்றிய உடம்போடு வருஷக்கணக்கில் வேலை செய்வது சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடையே மருத்துவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

புரட்டாசியில் விற்ற ஆடு

இதுவரை வறுமை நோயாவதைப் பார்த்தோம். நோய் வறுமையாவது இதன் மறுபக்கம்.

அத்தையை மருத்துவமனையில் சேர்த்தது புரட்டாசி மாதம். கையில் காசில்லை. இரண்டு ஆடுகளை விற்றார்கள். புரட்டாசியில் பாதி ஊர் கறி சாப்பிடாது. ஆட்டுக்கு விலை இருக்காது. ஒரு மாதம் பொறுத்துத் தீபாவளிக்கு விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும். நோய் சந்தை பார்த்து வருவதில்லை. ஏழை எப்போதும் விலை குறைந்த நேரத்தில்தான் விற்க வேண்டியிருக்கிறது.

அதுவும் போதாமல் 15,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினார் மாமா. மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், மாதம் 450. கேட்கும்போது சின்னத் தொகை. வருஷத்துக்குப் போட்டால் 36 சதவீதம். வங்கியில் நகைக்கடன் இதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் நகை வேண்டுமே. அத்தையின் தோடு ஏற்கெனவே பெண்ணின் பிரசவத்துக்கு அடகில் இருந்தது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்திருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் காய்ச்சலோடு ஒருவரை ஆட்டோவில் ஏற்றும்போது, காசு கொடுக்கத் தெருவில் இருப்பவர் வட்டிக்காரர்தான்.

வட்டி கட்ட ஆரம்பித்த மாதங்களில் முதலில் நின்றது முட்டை. அப்புறம் பருப்பு பாதியானது. அத்தை தன் சர்க்கரை மாத்திரையை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டார். மாத்திரை இலவசம்தான். வாங்கப் போக ஒரு நாள் கூலி போகும், அதனால் மாத்திரையை நீட்டித்தார். முதலில் இருந்த இடத்துக்கே, இன்னும் கொஞ்சம் கீழே, வந்து சேர்ந்துவிட்டார்கள். படிக்கட்டில் உருள்வது மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கீழே.

எது அந்தப் படிக்கட்டை மறிக்கிறது

தமிழ்நாட்டில் இதற்கு நிறையவே செய்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனை மருந்துகளை மொத்தமாக வாங்கி விநியோகிக்க 1994-ல் உருவான மருத்துவ சேவைக் கழகம், பிற மாநிலங்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்ட முன்மாதிரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். உங்கள் ஊர்ச் சொந்தக்காரர்களுக்கு இந்த அட்டை இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே கேளுங்கள். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். அவசரத்தில் ஓடி வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு நிம்மதி.

ஆனால் காப்பீடு அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும், களை எடுக்காத நாளுக்குக் கொடுக்காது. மாமாவின் நோட்டில் இருந்த வரிகளில் அது அடைத்திருக்கக்கூடியது எதுவுமே இல்லை. பெரிய நோய்க்குக் கொடுக்கும் பணத்தோடு, கூட வருபவர் தங்க ஒரு கூரையும் பஸ் கட்டணமும் படுத்த நாளுக்கு ஓர் உதவித்தொகையும் சேர்ந்தால்தான் கிராமத்து வீட்டுக்கு அது முழு உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

என் பார்வையில் தள்ளிப்போடுவதை நேராகத் தாக்கும் திட்டம் மக்களைத் தேடி மருத்துவம்தான். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து சோதித்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கூலியையும் மாத்திரையையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நிலைமையே வருவதில்லை. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தை பெயர் அதில் இல்லை என்பதே எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஊர் நர்சம்மாவிடம் மாமா ஒரு சாயங்காலம் போய்ச் சொன்னார், அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை வாசலுக்கு வந்தது. ஒரே ஒரு சாயங்காலம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நோட்டு அதே ஆணியில் தொங்கியது. கடன் இன்னும் நாலாயிரம் பாக்கி என்றார் மாமா. "ஆஸ்பத்திரி செலவு" பக்கத்தின் அடியில், கூட்டிக் கோடு போட்ட இடத்துக்கும் கீழே, புது மையில் ஒரு வரி இருந்தது: எம்.சி.ஆர். செருப்பு, 450. பாதம் மரத்துப் போனவர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு அது. அத்தை அதைக் காலில் போட்டுக்கொண்டு, மாட்டுக் கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் வருகிறாயே என்று பாட்டி திட்டினார். "டாக்டர் சொல்லியிருக்காரும்மா" என்றார் அத்தை.